தொண்ணூற்றெட்டில் நின்ற தெர்மாமீட்டர்

1. நோட்டு

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் என்னிடம் மூன்று பொருட்களை ஒப்படைத்தார்கள். ஒரு சாவிக்கொத்து, கைப்பிடி உடைந்த ஒரு ஸ்க்ரூ டிரைவர், அட்டை கிழிந்த நாற்பது பக்க நோட்டு ஒன்று. சாவிக்கும் ஸ்க்ரூ டிரைவருக்கும் கையெழுத்து வாங்கினார்கள். நோட்டைக் கொடுக்கும்போது கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

காரைக்குடிப் பக்கத்தில் ஒரு கல்லூரி. இயற்பியல் லேபில் இருபத்தெட்டு வருஷம் டெக்னீஷியனாக இருந்து போன வருஷம் ஓய்வு பெற்றேன். பெயர் சேவுகன். கல்லூரியின் பெயரைக் கேட்காதீர்கள், பென்ஷன் ஃபைல் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

எனக்கு முன்பு அந்த வேலையில் இருந்தவர் நோட்டை என் கையில் வைத்து, "இது இருக்க வரைக்கும் பிராக்டிகல்ல ஒரு பிள்ளையும் ஃபெயிலாகாது. பத்திரமா வச்சுக்கங்க" என்றார். திறந்து பார்த்தேன். லேபில் இருந்த ஒவ்வொரு சோதனைக்கும் சரியான விடையைத் தரக்கூடிய ரீடிங்குகள் அழகான கையெழுத்தில் இருந்தன. செம்புக் குண்டின் தன்வெப்பம் 0.39 வர வேண்டும் என்றால் தண்ணீர் எத்தனை டிகிரியில் தொடங்கி எத்தனையில் முடிய வேண்டும் என்பது வரை அதில் உண்டு. செம்புக் குண்டைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

பிள்ளைகள் இதற்குப் பின்கட்டுக் கணக்கு என்று பெயர் வைத்திருந்தார்கள். எங்கள் ஊர்ப் பெரிய வீடுகளுக்கு முன்வாசல் ஒரு தெருவில், பின்கட்டு வாசல் அடுத்த தெருவில். முன்வாசல் வழியாக ரீடிங் எடுத்து, கணக்குப் போட்டு, விடைக்குப் போவது ஊர் உலக வழக்கம். நாங்கள் விடை இருக்கும் பின்கட்டு வழியாக நுழைந்து, ரீடிங் இருக்கும் முகப்புக்கு வந்து சேர்வோம். வீடு ஒன்றுதானே.

2. தண்ணீர் ஆகாத உலோகம்

எங்கள் துறைத் தலைவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'புக் வேல்யூ'. எந்த ரெக்கார்டைத் திறந்தாலும் கடைசி வரியைத்தான் முதலில் பார்ப்பார். அது புத்தகத்தில் போட்டிருக்கும் அளவோடு ஒத்துப்போனால் கையெழுத்து, போகாவிட்டால் ரெக்கார்டு பறக்கும். நடுவில் இருக்கும் பக்கங்களில் சமையல் குறிப்பு எழுதியிருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது.

ஒரு முறை கல்லூரியைப் பார்வையிட வந்த குழு, 'ஆய்வகத்தில் புதுமை இல்லை' என்று அறிக்கையில் எழுதிவிட்டுப் போனது. அடுத்த முறை அவர்கள் வருவதற்கு ஆறு மாதம் இருக்கும்போது புக் வேல்யூ சார் என்னையும் உமையாள் மேடத்தையும் கூப்பிட்டார்.

உமையாள் எங்கள் துறையில் ஏழு வருஷமாகக் கௌரவ விரிவுரையாளர். வேலை முழுசாக இருக்கும், சம்பளம் பாதியாக இருக்கும், மிச்சத்துக்குத்தான் கௌரவம். வருஷா வருஷம் ஆர்டர் புதுப்பிக்க வேண்டும். அதற்குத் துறைத் தலைவர் ஒரு வார்த்தை எழுத வேண்டும். பள்ளத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். வீட்டில் பக்கவாதத்தில் படுத்த அப்பா, அவரைப் பார்த்துக்கொள்ள அம்மா. அந்தப் பாதிச் சம்பளத்தில்தான் மூன்று பேரும் இருந்தார்கள்.

"செம்பு, அலுமினியம்லாம் எல்லாப் பயலும் செய்யுறான். நாம ரியாக்டிவ் மெட்டல் செய்வோம். சோடியம். தமிழ்நாட்டுலயே எவனும் யூஜி லேப்ல வச்சிருக்க மாட்டான்" என்றார் சார்.

ஏன் வைத்திருக்க மாட்டார்கள் என்பது கெமிஸ்ட்ரி லேபில் சோடியம் கேட்கப் போனபோது தெரிந்தது. அங்கே இருந்த அசிஸ்டண்ட் மண்ணெண்ணெயில் சோடியம் மூழ்கிக் கிடந்த பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். "சோடியம் கேட்டு வந்திருக்கீக, சரி. ஒங்க லேப்ல தண்ணிக் குழாய் எங்குட்டெங்குட்டு இருக்குனு எண்ணிப் பாத்துட்டு வந்தீகளா?"

சோடியத்தில் தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கும், அளவு கூடினால் வெடிக்கும். எங்கள் லேபில் ஆறு குழாய்கள் உண்டு. எதைத் திறந்தாலும் தண்ணீர் வராது. அந்த ஆறு மாதமும் எங்களுக்கிருந்த ஒரே பாதுகாப்பு ஏற்பாடு அதுதான்.

சோதனை எளிமையானது. உலோகத்தைச் சூடாக்கிக் கேலரிமீட்டர் என்ற குவளையில் இருக்கும் குளிர்ந்த திரவத்தில் போட வேண்டும். திரவம் எத்தனை டிகிரி ஏறுகிறது என்று பார்த்தால் உலோகம் எவ்வளவு வெப்பத்தைக் கொண்டுவந்தது என்று தெரியும். ஒரு கிராமை ஒரு டிகிரி ஏற்ற எவ்வளவு வெப்பம் வேண்டும் என்பதே தன்வெப்பம். மற்ற உலோகங்களுக்குக் கேலரிமீட்டரில் தண்ணீர் ஊற்றுவோம். இதற்கு லிக்விட் பாரஃபின். மருந்துக்கடையில் எட்டு பாட்டில் கேட்டேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அது மலச்சிக்கலுக்குக் கொடுக்கும் எண்ணெய்.

"எத்தன நாளாச்சுண்ணே?" என்றார் அக்கறையாக.

"காலேஜுக்குப்பா" என்றேன்.

"காலேஜுக்கேவா?" என்று எட்டு பாட்டிலையும் எடுத்துக் கொடுத்தார்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு லேத் பட்டறையில் கட்டைவிரல் பருமனில் செம்புக் கேப்ஸ்யூல் ஒன்று கடைந்து வாங்கினோம். அடி உருண்டை, மேலே திருகுமூடி, மூடியின் நடுவில் தெர்மாமீட்டர் இறங்க ஒரு குழி. சோடியத்தை நாலு சதுரத் துண்டாக வெட்டி உள்ளே போட்டு, ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு, இறுக்கி மூடினார் உமையாள். எல்லாரும் செய்வதுபோல் அதை நீராவியில் வைத்துச் சூடாக்கலாம் என்றார்.

புக் வேல்யூ சார் ஒரு அடி பின்னால் போனார். "சோடியத்துக்குப் பக்கத்துல நீராவியா? அது தண்ணிதானம்மா. ஆயில் பாத்துல வைங்க. நூத்திமுப்பது வரைக்கும் ஏத்துங்க. சூடு கூடக் கூட அக்யூரசி கூடும்."

சொல்லி முடிப்பதற்குள் அவர் கதவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டதால் எதிர்த்துப் பேச வழி இல்லை.

3. மூன்று தெர்மாமீட்டர்கள்

முதல் நாள் ஹாட் பிளேட்டில் எண்ணெய் காய்ந்தது. கேப்ஸ்யூலின் குழியில் இருந்த தெர்மாமீட்டர் ஐம்பது, அறுபது, எண்பது என்று ஒழுங்காக ஏறியது. தொண்ணூற்றெட்டில் நின்றது. வெளியே எண்ணெயின் சூடு ஏறிக்கொண்டே இருக்கிறது, உள்ளே பாதரசம் அசையவில்லை. தட்டிப் பார்த்தேன். சில நிமிஷம் கழித்து அதுவே மனசு மாறி மேலே போனது.

என் அனுபவத்தில் பாதரசம் நின்றால் கோளாறு தெர்மாமீட்டரில். அதைக் கழற்றி, ஒரு சீட்டில் '98-ல் நிற்கிறது. பழுது. சேவுகன்' என்று எழுதி நூலால் கட்டிக் கழிவுப் பெட்டியில் போட்டேன். ஸ்டாக் ரெஜிஸ்டரிலும் அப்படியே எழுதினேன்.

இரண்டாவது தெர்மாமீட்டரும் தொண்ணூற்றெட்டில் நின்றது. இன்னொரு சீட்டு. மூன்றாவதும் நின்றது. மூன்று தெர்மாமீட்டர் ஒரே இடத்தில் நிற்கிறதே என்று யாருக்கும் ஒரு சந்தேகம் வரும். எனக்கு வரவில்லை. மூன்றும் ஒரே கம்பெனி, சரக்கே சரியில்லை என்று முடிவு கட்டினேன். நான்காவதை மாற்றவில்லை. அது நிற்கிற நேரத்தில் டீ குடிக்கப் போகப் பழகிக்கொண்டேன்.

சூடு நூற்றுமுப்பது வந்ததும் கேப்ஸ்யூலைத் தூக்கிக் கேலரிமீட்டரில் விட்டோம். கலக்கினோம். ரீடிங் எடுத்தோம். செம்புக் கேப்ஸ்யூலின் பங்கையும் உள்ளே இருக்கும் எண்ணெயின் பங்கையும் உமையாள் கழித்தார். சோடியத்தின் தன்வெப்பம் 2.5 என்று வந்தது.

புத்தகத்தில் 1.23.

மறுநாளும் 2.5. அதற்கு மறுநாள் 2.49. மாதக்கணக்கில் செய்தோம். மின்விசிறியை நிறுத்திச் செய்தோம், கேலரிமீட்டருக்குப் பஞ்சு சுற்றிச் செய்தோம், தராசை மாற்றிச் செய்தோம். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. என் இருபத்தெட்டு வருஷத்தில் எங்கள் லேப் இவ்வளவு ஒழுங்காக ஒரே விடையைக் கொடுத்ததை நான் பார்த்ததில்லை. அது தப்பான விடையாகப் போனது எங்கள் அதிர்ஷ்டம்.

4. இரண்டால் வகுத்தல்

அப்போதுதான் நான் நோட்டை எடுத்தேன். சோடியத்துக்கு அதில் பக்கம் இல்லை. ஆனால் 1.23-இல் தொடங்கிப் பின்கட்டு வழியாக வந்தால் ரீடிங் தானாகக் கிடைக்கும். அரை மணி நேரத்தில் ஒரு செட் தயார் செய்து உமையாளிடம் நீட்டினேன்.

வாங்கிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"அண்ணே, நான் இங்க பிஎஸ்ஸி படிக்கையில செம்புக் குண்டுக்கு எனக்குத் தப்பா வந்துச்சு. ஒங்ககிட்ட வந்து அழுதேன். நீங்க இந்த நோட்டுல இருந்துதான் ரீடிங் குடுத்தீக. முழு மார்க்கு வந்துச்சு. ஆனா எனக்கு எதனால தப்பா வந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல."

எனக்கு அவர் அழுதது ஞாபகம் இல்லை. எத்தனையோ பேர் அழுதிருக்கிறார்கள், எல்லாருக்கும் கொடுத்திருக்கிறேன். அன்று முதல் முறையாக வெட்கமாக இருந்தது. வெட்கத்தை வெளியே காட்டாமல், "சரி மேடம், நாளைக்கி இன்னொருவாட்டி செஞ்சு பாப்போம்" என்றேன்.

குழு வருவதற்குப் பத்து நாள் முன்பு புக் வேல்யூ சார் எங்கள் ரீடிங்குகளைப் பார்த்தார். வழக்கம்போல் கடைசி வரியை மட்டும். கோபப்படவில்லை. கால்குலேட்டரை எடுத்துத் தட்டினார். முகம் மலர்ந்தது.

"ஏம்மா, இது கரெக்டா ரெண்டு மடங்குல்ல வருது. ரெண்டால வகுத்திருங்க."

"எதுக்கு சார் ரெண்டு?" என்றார் உமையாள்.

"கரெக்ஷன் ஃபேக்டர்மா. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு கரெக்ஷன் ஃபேக்டர் உண்டு. நம்ம கருவிக்குப் புள்ளி அஞ்சு."

இரண்டே நாளில் ஃபிளெக்ஸ் வந்துவிட்டது. ஆறடிக்கு நாலடி. மேலே புக் வேல்யூ சாரின் புகைப்படம், கீழே சோடியத்தின் தன்வெப்பம், அதற்கும் கீழே 'கருவியின் திருத்தக் காரணி: 0.5' என்று பொன்னிற எழுத்தில். அறிவியலில் காரணி என்றால் ஏதாவது ஒரு காரணம் இருக்க வேண்டும். இதற்கு ஃபிளெக்ஸ் அடித்தாகிவிட்டது என்பதே காரணம்.

ஆறு மாத ரீடிங்கையும் திருத்தக் காரணியையும் சேர்த்து ஓர் அறிக்கை தயாரானது. அளந்தவர் என்ற இடத்தில் உமையாள் கையெழுத்துப் போட வேண்டும். அவர் போடவில்லை.

5. பணியாரம்

குழு வருவதற்கு முதல் நாள் மத்தியானம், சோடியத்துக்குள் ஏதாவது கலப்பு இருக்குமோ என்று பார்க்க உமையாள் கேப்ஸ்யூலைத் திறக்கச் சொன்னார். ஆறு மாதமாக அதை நாங்கள் திறக்கவே இல்லை. திறக்காமல் இருந்தால் பாதுகாப்பு என்று நான்தான் தடுத்திருந்தேன். எண்ணெய் நிரப்பிய தட்டுக்குள் வைத்து மூடியைத் திருகினேன்.

உள்ளே நாலு துண்டு இருக்க வேண்டும். ஒன்றுதான் இருந்தது.

லேபில் ஒரு பொருள் காணாமல் போனால் முதலில் யாரைக் கேட்பார்கள் என்று உங்களுக்கும் தெரியும். "மேடம், நான் தொறக்கவே இல்ல. சாவி எங்கிட்டத்தான் இருந்துச்சு, ஆனா நான் தொறக்கல" என்றேன்.

"எடைய மொதல்ல பாருங்கண்ணே" என்றார்.

எடை அப்படியே இருந்தது. கேப்ஸ்யூலைக் கவிழ்த்துத் தட்டியதும் எண்ணெயில் ஒரு கட்டி விழுந்தது. அடிப்பக்கம் உருண்டை, மேல்பக்கம் கொஞ்சம் தட்டை, நடுவில் தெர்மாமீட்டர்க் குழியின் தடம். வெட்டிப் போட்ட துண்டுகளின் ஓரம், மூலை எதுவும் இல்லை.

"பணியாரமால்ல இருக்கு மேடம்" என்றேன். நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை. வீட்டில் காலையில் அதைத்தான் தின்றுவிட்டு வந்திருந்தேன். "சட்டிக் குழியில மாவ ஊத்தி எடுத்த மாதிரி."

உமையாள் கட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "மாவ ஊத்தி" என்று மெதுவாகத் திருப்பிச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். "அண்ணே, நீங்க மூனு தெர்மாமீட்டரக் கழிச்சீகளே. எதுக்கு?"

"நின்னுபோச்சு மேடம்."

"எத்தனையில?"

"தொண்ணூத்தெட்டுல."

"மூனுமா?"

"மூனும்தான். ஒரே கம்பெனி."

அவர் பீரோவிலிருந்து டேட்டா புத்தகத்தை எடுத்தார். சோடியம் என்ற வரியில் விரலை வைத்து ஓட்டிக்கொண்டே போனார். உருகுநிலை 97.8.

விஷயம் இவ்வளவுதான். நாங்கள் அதை நூற்றுமுப்பது வரைக்கும் ஏற்றினோம். தொண்ணூற்றெட்டு வந்ததும் சோடியம் உள்ளே உருகத் தொடங்கியது. உருகி முடிகிற வரை எவ்வளவு வெப்பம் கொடுத்தாலும் சூடு ஏறாது, எல்லாம் உருகுவதற்கே செலவாகும். அதனால் தெர்மாமீட்டர் நின்றது. கேலரிமீட்டரில் விழுந்ததும் உருகியது மறுபடி உறைந்து, வாங்கிய வெப்பத்தை எல்லாம் திருப்பிக் கொடுத்தது. அதையும் சேர்த்துத் தன்வெப்பம் என்று கணக்கு எழுதினோம். ஐஸ் கட்டியை அளக்கிறோம் என்று நினைத்துத் தண்ணீரை அளந்த கதை. செம்புக் கேப்ஸ்யூலுக்குள் கண் போகாது, அதனால் ஆறு மாதம் யாருக்கும் தெரியவில்லை.

உமையாள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "பிளஸ் டூவுல படிச்சது. எனக்குத் தோணலையேண்ணே. அசிங்கமா இருக்கு" என்றார்.

எனக்கு அசிங்கம் அவரைவிட அதிகம். அவர் ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டார், அவ்வளவுதான். என்னிடம் பதிலே மூன்று முறை வந்தது. மூன்று முறையும் பழுது என்று சீட்டுக் கட்டிப் பெட்டியில் போட்டேன்.

உடனே கேப்ஸ்யூலில் புதுத் துண்டுகளைப் போட்டு, எண்பத்தைந்து டிகிரியோடு நிறுத்தி ஒரு தடவை செய்து பார்த்தோம். 1.26. உமையாளுக்குக் கண் கலங்கிவிட்டது. பேப்பரை எடுத்துக்கொண்டு நேராகத் துறைத் தலைவர் அறைக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

புக் வேல்யூ சார் முழுசாகக் கேட்டார். அவரும் இயற்பியல் படித்தவர், புரியாமல் இல்லை. பேப்பரை மடித்து உமையாளிடமே நீட்டினார். பிறகு சொன்னார்.

"நீங்க சொல்றது சரியாவே இருக்கட்டும். நாளைக்கி காலையில குழு வருது. ஃபிளெக்ஸ் மாட்டியாச்சு. இப்பப் போய் மாத்துனா ஆறு மாசமாத் தப்பாச் செஞ்சோம்னு நாமளே தம்பட்டம் அடிச்ச மாதிரி ஆயிரும். ரெண்டால வகுத்தா விடை சரியாத்தான வருது? அத விடுங்க. ஒங்க அடுத்த வருஷ ஆர்டர் பிரின்சிபால் டேபிள்ல கெடக்கு. நான் ஒரு வார்த்தை எழுதணும். காலையில வாரப்ப அறிக்கையில கையெழுத்தப் போட்டுக் கொண்டாந்து குடுத்திருங்க."

அவர் குரலை உயர்த்தவே இல்லை. எனக்கு அதுதான் எரிச்சலாக இருந்தது.

6. ஒரு ஃபேஸ்

மறுநாள் முதல் பஸ்ஸிலேயே உமையாள் வந்துவிட்டார். கைப்பையில் அறிக்கை இருந்தது.

"ராத்திரி பூரா யோசிச்சேன்ணே. போட்டுக் குடுத்திரலாம்னு இருக்கேன். அப்பாவுக்கு மாத்திரை நிக்கக் கூடாது" என்றார். பேனாவை எடுத்தார்.

நான் யாருக்கும் தைரியம் சொல்லிப் பழகியவன் இல்லை. "மத்தியானம் வரைக்கும் பொறுங்க மேடம். கையெழுத்து எங்குட்டும் ஓடிப்போகாது" என்று மட்டும் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே அப்போது தெரியாது.

பதினோரு மணிக்குக் குழு வந்தது. மூன்று பேர். அதில் ஒருவர் வெளியூரிலிருந்து வந்த வயதான பேராசிரியை, இயற்பியல்காரர். ஃபிளெக்ஸை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தார். பொன்னிற எழுத்துக்கு வந்ததும் கண்ணாடியைத் துடைத்து மறுபடி படித்தார்.

"செஞ்சு காட்டுங்களேன், பார்க்கலாம்" என்றார்.

ஏற்பாடு முன்பே பேசி வைத்ததுதான். ஹாட் பிளேட் என் பொறுப்பு, ரீடிங் உமையாள் பொறுப்பு. கணக்குப் போர்டில் புக் வேல்யூ சார். சூத்திரத்தை முதலிலேயே எழுதி, அதன் தலையில் ஒரு 'அரை'யையும் போட்டு வைத்திருந்தார்.

எண்ணெய் காய்ந்தது. ஐம்பது. எழுபது. எண்பது. நான் மேஜைக்குப் பக்கத்தில் நின்றேன். பிளக் என் காலுக்கருகில் இருந்தது. எண்பத்தைந்து வந்ததும் குனிந்து சுவிட்சை அணைத்தேன்.

"கரண்ட் போச்சு சார்" என்றேன்.

புக் வேல்யூ சார் மேலே பார்த்தார். "ஃபேன் சுத்துதே?"

"ஒரு ஃபேஸ்தான் போயிருக்கு சார்."

எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் கேள்வி கேட்க மாட்டார்கள். வீட்டில் பாதி எரியும், பாதி எரியாது என்பது எல்லாருக்கும் பழகிய சங்கதி. பேராசிரியை மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எண்பத்தஞ்சு போதுமே. சூடு எவ்வளவுன்னு தெரிஞ்சா கணக்கு வந்திடும். அப்படியே போடுங்க" என்றார். புக் வேல்யூ சார் வாயைத் திறப்பதற்குள் கேப்ஸ்யூல் கேலரிமீட்டருக்குள் இருந்தது.

உமையாள் ரீடிங் சொன்னார், சார் எழுதினார். குழுவில் இன்னொருவர் கால்குலேட்டரில் தட்டிவிட்டு, "0.63 வருதே சார்" என்றார்.

"சரியாப் போடுங்க" என்றார் சார்.

"சரியாத்தான் போட்டேன். அந்த அரையை எடுத்துட்டா 1.26. புத்தகத்துக்குக் கிட்டத்துல வருது."

"அந்த அரை எதுக்கு?" என்று கேட்டார் பேராசிரியை.

"அது கரெக்ஷன் ஃபேக்டர் மேடம்."

"எதைக் கரெக்ட் பண்ண?"

புக் வேல்யூ சார் ஃபிளெக்ஸைப் பார்த்தார். அதில் அவருடைய புகைப்படம் சிரித்துக்கொண்டிருந்தது. பிறகு உமையாளைப் பார்த்தார். பிரின்சிபாலும் வாசலில் நின்றுகொண்டிருந்தார். உமையாள் ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னால் ஆர்டர் போச்சு, சரியாகச் சொன்னாலும் போச்சு என்றுதான் எனக்குத் தோன்றியது. நான் செய்த வேலைக்கு அந்தப் பிள்ளை மாட்டிக்கொண்டதே என்று பயந்துபோனேன்.

உமையாள் கையைத் துடைத்துக்கொண்டார். "மேடம், நேத்து வரைக்கும் நூத்திமுப்பது வரைக்கும் சூடாக்குனோம். சோடியம் தொண்ணூத்தெட்டுலயே உருகிருது. அந்த வெப்பத்தையும் தன்வெப்பத்துல சேத்துட்டோம். அதனாலதான் ரெண்டு மடங்கு வந்துச்சு. ரீடிங்கெல்லாம் சரி, நாங்க அதுக்கு வச்ச பேருதான் தப்பு. அளந்தது நான். தப்பு என்னோடது."

பிறகு எண்ணெய்க் கிண்ணத்திலிருந்த பழைய கட்டியைக் கொண்டுவந்து காட்டினார். பேராசிரியை குனிந்து பார்த்தார். அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்தால் எங்கள் கல்லூரியில் அன்றைக்குத்தான் ஏதோ கிடைத்ததுபோல் இருந்தது. "ரெண்டு ரீடிங்கையும் பக்கத்துல பக்கத்துல வையுங்க. பிள்ளைங்க வாழ்நாளுக்கும் மறக்க மாட்டாங்க" என்றார்.

"அதுக்காகத்தான் மேடம் ரெண்டு விதமாவும் செய்யச் சொல்லி நானே ஐடியா குடுத்தேன்" என்றார் புக் வேல்யூ சார். அவர் மேல் எனக்கு எத்தனையோ குறை உண்டு. வேகத்தில் குறை சொல்ல முடியாது.

வெளியே போகும்போது பேராசிரியை என் பக்கத்தில் நின்றார். சுவிட்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அந்த ஃபேஸ் எப்ப வரும்?" என்றார்.

"நீங்க போனதும் வந்திரும் மேடம்" என்றேன்.

இருபத்தெட்டு வருஷத்தில் பொய் விடைக்குத் துணைபோகாமல் நான் உதவிய முதல் ரீடிங் அது. அதற்கும் ஒரு பொய் சொல்ல வேண்டியிருந்தது.

7. சீட்டு

குழுவின் அறிக்கையில் சோடியம் சோதனையைப் பாராட்டி ஒரு வரி இருந்தது, உமையாள் பெயரோடு. அந்த ஒரு வரிக்குப் பிறகு ஆர்டரை நிறுத்த யாராலும் முடியவில்லை. எட்டாவது முறையாக, ஒரு வருஷத்துக்கு, அதே கௌரவத்தோடு வந்தது. நிரந்தரம் ஆகியிருக்கும் என்று எதிர்பார்த்தீர்கள் என்றால் நீங்கள் கல்லூரியில் வேலை பார்த்தவர் இல்லை.

சோதனை லேப் மேனுவலில் ஏறியது. எழுதியவர் என்ற இடத்தில் புக் வேல்யூ சாரின் பெயர். டைப் அடித்தவர் பழைய தாளைப் பார்த்து அடித்ததால், 'உலோகத்தை 130 டிகிரி வரை சூடாக்குக' என்றே அச்சாகிவிட்டது. நாற்பது பிரதியிலும் உட்கார்ந்து பேனாவால் 85 என்று திருத்தினேன். விட்டிருந்தால் வருஷா வருஷம் ஒரு வகுப்பு 2.5 என்று அளந்து 1.23 என்று எழுதியிருக்கும்.

நோட்டை அன்றைக்கே கிழித்துப் போட்டேன் என்று எழுத ஆசைதான். கிழிக்கவில்லை. அடுத்த மாதம் பிராக்டிகல் தேர்வு வந்தது, நாலு பேர் அழுதுகொண்டு வந்தார்கள். நோட்டைக் கையில் எடுத்தேன், திரும்ப வைத்துவிட்டு அவர்களோடு போய்க் கேலரிமீட்டரைப் பார்த்தேன். மூன்று பேருக்குத் தப்பு எங்கே என்று தெரிந்தது. நாலாவது ஆளுக்கு எனக்கும் தெரியவில்லை, அவருக்கு மார்க் குறைந்தது. ஓய்வு பெறும்போது, என் இடத்துக்கு வந்த பெண் விவரமாகக் கேட்டார். "அண்ணே, ஏதோ ஒரு நோட்டு இருக்குமாமே?" இல்லை என்றேன். அவர் நம்பவில்லை.

புதிதாக லேபுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். ரீடிங் நீங்கள் நினைத்த இடத்துக்கு வரவில்லை என்றால் கருவியைக் கழிக்காதீர்கள், ஒரு நாள் பொறுங்கள். இரண்டாவது கருவியும் அதையே சொன்னால் உங்களைச் சந்தேகப்படுங்கள். மூன்றாவதும் சொன்னால் டீ குடிக்கப் போகாதீர்கள்.

விடைபெறும் நாளில் எல்லாரும் சால்வை போட்டார்கள். உமையாள் ஒரு நீளப் பெட்டி கொடுத்தார். பேனா என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து திறந்தேன். கழிவுப் பெட்டியில் கிடந்த தெர்மாமீட்டர்களில் ஒன்று. அதை வைத்துத்தான் ஒன்றரை வருஷமாக வகுப்பு எடுத்ததாகவும், இம்மியும் பிசகியதில்லை என்றும் ஒரு தாளில் எழுதியிருந்தார். நூல் அழுக்காகியிருந்தது. சீட்டு அப்படியே தொங்கியது: '98-ல் நிற்கிறது. பழுது.'

கீழே என் கையெழுத்து.